பாட்டு வேண்டாம் என்ற வீணைக்காரர்

1954 ஏப்ரல் 13. சித்திரை பிறக்கும் சமயத்தில் ஏவி.எம். ஒரு படத்தை வெளியிட்டது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் சிவாஜி கணேசன் குண்டடிபட்டு விழுந்து செத்துப்போகிறார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் படம் ஓடுகிறது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டைக்காட்சி கிடையாது. ‘அந்த நாள்’ என்ற அந்தப் படத்தை இயக்கிய எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27.

தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும் படம் அதுதான். எடுத்தவர் சங்கீதம் தெரியாத ஆள் என்றால் இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஆனால் இந்த பாலசந்தர்தான் பிற்பாடு உலகம் முழுக்க வீணை வாசித்து, 1982-ல் பத்மபூஷண் வாங்கிய வீணை பாலசந்தர். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சபா கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அவரை வீணைக்காரராகத் தெரியும். சினிமா பார்க்கிறவர்களிடம் பெயரைச் சொன்னால் நம் நன்னிலத்துக்காரரான கே. பாலசந்தரைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். இடையில் இந்த மனிதர் எடுத்த குற்றப் படங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கின்றன.

அவர் சினிமாவில் கொஞ்ச காலம் விளையாடிவிட்டு வீணைக்குத் திரும்பினார் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் குற்றப் படங்கள் அப்படி அமைந்ததற்கு அவர் காதுதான் காரணம். அந்தப் படங்கள் வியாபாரத்தில் தடுமாறியதற்கும் அந்தக் காதே காரணம். இரண்டையும் புரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் காவிரி டெல்டா கிராமங்களுக்குப் படம் எப்படி வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னையில் வெளியாகும் படம் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் மாதிரி டவுன்களுக்கு முதலில் வரும். அங்கே ஓடி முடித்து, பெட்டி கைமாறி, டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆகிவிடும். டூரிங் டாக்கீஸ் என்றால் கீற்றுக் கொட்டகை. மண் தரை, பின்னால் சில பெஞ்சு, ஒரே ஒரு புரொஜக்டர். ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்கு எரியும், சோடா கலரும் முறுக்கும் உள்ளே வரும். ஊர் ஊராக மாட்டு வண்டியில் தட்டி கட்டி நோட்டீஸ் போடுவார்கள். சாயங்காலம் கொட்டகை உச்சியில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு போட ஆரம்பித்தால், நாலு வயல் தாண்டி இருக்கிறவருக்கும் இன்றைக்குப் படம் உண்டு என்று தெரியும். வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும்.

இந்த ஏற்பாட்டில் பாட்டு உள்ள படத்துக்குக் காத்திருப்பு நல்லது. படம் வருவதற்கு முன்பே ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் பாட்டு ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தை, மாசியில் அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும் நாட்களில், தெரிந்த பாட்டைத் திரையில் பார்க்க ஜனம் போகும். பிடித்தால் இரண்டாவது தடவையும் போகும். கொலைக்கதைக்கு இது அப்படியே தலைகீழ். கும்பகோணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தர் போதும், கொலைகாரர் யார் என்பது டீக்கடையில் உடைந்துவிடும். தாமதமாக வரும் ஒவ்வொரு மாதமும் படத்தின் மதிப்பைக் குறைக்கும். அதில் பாட்டும் இல்லை என்றால், சாயங்காலம் ஸ்பீக்கரில் கொட்டகைக்காரர் எதைப் போடுவார்? பாட்டுப் புத்தகக்காரர் எதை விற்பார்? தமிழில் குற்றப் படங்களிலும் பாட்டும் காமெடியும் கனமாக இருந்ததற்கு ரசனைக் குறைவு என்று மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. படம் ஊருக்கு வந்த பாதையே அப்படி. அந்தப் பாதையில்தான் பாலசந்தர் பாட்டில்லாத படத்தை அனுப்பினார். அதன் பின்னால் இருந்த துணிச்சலை இன்று நினைத்துப் பார்ப்பது கஷ்டம்.

அவர் 1927 ஜனவரி 18 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். தன் வீட்டையே சங்கீதக்காரர்கள் வந்து போகும் இடமாக வைத்திருந்தவர். 1934-ல் பிரபாத் நிறுவனம் எடுத்த ‘சீதா கல்யாண’த்தில் அந்தக் குடும்பமே நடித்தது. அண்ணன் ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை, அப்பா ஜனகர். ஏழு வயது பாலசந்தர் இராவணன் சபையில் இசைக்கும் சிறுவனாக வருகிறார். அந்தப் படத்துக்கு இசை அமைத்தவர் நம் பக்கத்துப் போலகத்தில் பிறந்து, பாபநாசம் என்ற ஊர்ப்பெயரோடு நிலைத்த பாபநாசம் சிவன். சினிமாவுக்கு அவர் இசை அமைத்த முதல் படம் அதுதான்.

அந்த அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் பெரிய ஓவியரானார். திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) என்றதும் நம் மனதில் வரும் உருவம், காலண்டரிலும் கூடத்துச் சுவரிலும் மாட்டியிருக்கும் அந்த முகங்கள், பெரும்பாலும் ராஜம் வரைந்ததன் வழி வந்தவை. டெல்டாவில் எத்தனையோ வீட்டுச் சுவரில் அண்ணன் கைவேலை இருக்கிறது. தம்பி எடுத்த படத்தை அதே வீட்டில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பாலசந்தர் சிறுவனாகக் கஞ்சிராவில் தொடங்கி ஒவ்வொரு வாத்தியமாகத் தானே எடுத்துப் பழகினார். சிதார் வாசித்தார். இளம் வயதிலேயே சென்னை வானொலியில் வேலை பார்த்தார். சதுரங்கத்தில் சின்ன வயதிலேயே பெயர் எடுத்தவர். வீணையை குரு இல்லாமல் தானே கற்றுக்கொண்டார். கர்நாடக சங்கீதத்தில் குரு பரம்பரை சொல்லாமல் மேடை ஏறுவது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1948-ல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடத்தில் கதாநாயகன், இசையும் அவரே. அதே ஆண்டு ‘என் கணவர்’ படத்தில் முதல்முறையாக இயக்கம். 1951-ல் ஜூபிடர் பிக்சர்ஸுக்காக ‘கைதி’. அதிலும் இயக்கம், இசை, நடிப்பு மூன்றும் அவர்தான். குற்றக்கதை மேல் அவருக்கு இருந்த பிடிப்பு ‘கைதி’யில் தெரிய ஆரம்பிக்கிறது. ஆனால் அவர் யார் என்று காட்டிய படம் ‘அந்த நாள்’.

கதை நடப்பது 1943 அக்டோபரில். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய விமானம் சென்னை மேல் குண்டு போட்டது உண்மைச் சம்பவம். அதற்கு மறுநாள் ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர், தம்பி, தம்பி மனைவி, ராஜனுக்குப் பழக்கமான ஒரு பெண், ராஜனின் மனைவி உஷா என்று ஆளாளுக்குக் கதை சொல்கிறார்கள். விசாரிக்க வரும் சி.ஐ.டி. சிவானந்தமாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். திரைக்கதை வசனமும் அவர்தான். ஒவ்வொரு வாக்குமூலமும் இன்னொருவர் பக்கம் விரலை நீட்டுகிறது. ஒவ்வொன்றிலும் ராஜன் வேறு ஆளாக இருக்கிறான். ஒருத்தர் பார்வையில் சொத்தில் பங்கு கேட்ட தம்பியை விரட்டும் கல்நெஞ்சன். இன்னொரு பார்வையில், மலிவான ரேடியோ செய்ய வேண்டும் என்று கனவு கண்டு, அதை அரசாங்கம் மதிக்காததால் கசந்துபோன மூளைக்காரன். அவன் அந்தக் கசப்பில் நாட்டுக்கே எதிராகப் போனான் என்பது மெல்ல வெளியே வருகிறது. சுட்டது யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. எழுபது வருடம் ஆனாலும் அது படம் பார்க்கப் போகிறவருக்கு உரிய விஷயம்.

இந்த அமைப்புக்கு மூலம் எது என்று நிறையப் பேசியிருக்கிறார்கள். 1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’ காட்டப்பட்டது. அதன் தாக்கம் ‘அந்த நாளி’ல் இருக்கிறது என்பது பொதுவான கருத்து. கதைப்போக்கைப் பார்த்தால் 1950-ல் வந்த ‘தி வுமன் இன் கொஸ்டின்’ என்ற ஆங்கிலப் படத்துக்குத்தான் இது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கருத்துதான் சரியாகப் படுகிறது. குரோசாவாவுக்கு உண்மை என்று ஒன்று கடைசி வரை கையில் சிக்குவதில்லை. பாலசந்தருக்கு உண்மை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தத்துவம் பேச வந்தவர் இல்லை. துப்பறிய வந்தவர்.

சிவாஜி இந்தப் படத்துக்கு நேராக வந்து சேரவில்லை. முதலில் வேறு நடிகரை வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல், பிறகுதான் ஏவி. மெய்யப்பன் சிவாஜியைக் கொண்டுவந்தார். அதே 1954-ல்தான் ‘மனோகரா’வும் வந்தது. திருக்குவளைக்காரரான கருணாநிதியின் வசனத்தை சங்கிலியால் கட்டுண்ட சிவாஜி முழங்க, ஜனம் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரிந்த வருடம் அது. ஒரே நடிகர் சில வார இடைவெளியில் ஒரு பக்கம் சபையே அதிரப் பேசுகிறார், இன்னொரு பக்கம் சிகரெட்டும் கோட்டுமாகத் தாழ்ந்த குரலில் பொய் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் பாலசந்தர் அவரிடம் என்ன வாங்கினார் என்பது புரியும். குரலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். குறைத்த குரலில் ஒரு அசைவு வித்தியாசமானாலும் கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம்தானே இந்தக் கதைக்கு மூலதனம்.

அப்போது பெரிய வசூல் இல்லை. ஆனால் 1954-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் தமிழில் இரண்டாவது சிறந்த படத்துக்கான நற்சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. முதல் இடம் ‘மலைக்கள்ள’னுக்கு. பிறகு மறுபடி மறுபடி திரையிட்டபோதுதான் மதிப்பு கூடியது. காரணம் சுலபம். முடிவு தெரிந்த பிறகும் பார்க்க அதில் ஏதோ இருக்கிறது என்பது அதற்குள் தெரிந்துபோயிற்று.

என்ன இருக்கிறது? இந்த இடத்தில் வீணைக்கு வர வேண்டும்.

தஞ்சாவூர் வீணை என்று நாம் சொல்வது பலா மரத்தில் செய்வது. ஒரே மரத்தில் குடம், தண்டி (நீண்ட கழுத்துப் பகுதி), யாளி முகம் மூன்றையும் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் ஒரு இசைக்கருவிக்கு அந்தக் குறியீடு கிடைத்தது அதுதான் முதல் தடவை. மரவேலை எல்லாம் முடிந்த பிறகும் அது வீணை ஆகிவிடாது. கடைசியில் மேளம் கட்ட வேண்டும். தண்டி மேல் இரண்டு பக்கமும் கறுப்பு மெழுகை வரிசையாக ஏற்றி, அதில் 24 மெட்டுகளை, அதாவது சுர இடங்களைக் காட்டும் உலோகக் கட்டைகளைப் பதிப்பது. ஒரு மெட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சுரம் தப்பிவிடும். பட்டறையில் பார்த்தால், மெழுகு இளக்கமாக இருக்கும்போதே மெட்டை வைத்து, தந்தியைத் தட்டி, காதைத் தண்டியோரம் சாய்த்துக் கேட்டு, நகத்தால் லேசாகத் தள்ளி, மறுபடி தட்டுவார்கள். “மெழுகு ஆறுறதுக்குள்ள காது முடிவு பண்ணிடணும் தம்பி” என்று அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சொன்னார். அளவுகோல் வைப்பதில்லை. அங்கே கொஞ்ச நேரம் நின்றால், தட்டுவதைவிட தட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் அதிகம் என்பது தெரியும்.

அப்படிக் கட்டிய மெட்டில் வழக்கமாக வாசிப்பவர்கள் விரலை மெட்டு மெட்டாக நகர்த்துவார்கள், கமகம் என்ற சுர அசைவுக்காகத் தந்தியை இழுப்பார்கள். பாலசந்தரின் தனி அடையாளம், விரலை ஒரே மெட்டில் நிறுத்தித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் நாலைந்து சுரங்களை வரவழைப்பது. மீட்டு குறைவு, கார்வை (சுரம் நின்று ஒலிக்கும் நேரம்) நீளம். ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த நாதம் தேயத் தேய அதற்குள்ளேயே அடுத்த சுரத்தைத் தேடிப் போவார். அதனால்தான் அவர் வாசிப்பு வாய்ப்பாட்டு மாதிரி இருக்கும் என்பார்கள். கர்நாடக சங்கீதத்தின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் பதிவு செய்த மனிதர். ஆனால் அவர் சொத்து எண்ணிக்கையில் இல்லை. மீட்டுக்கும் மீட்டுக்கும் நடுவில் அவர் விட்ட இடத்தில் இருக்கிறது.

இந்தக் காது உள்ளவர் குற்றப் படம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘அந்த நாள்’ பதில். கேள்வி கேட்டுவிட்டு சி.ஐ.டி. காத்திருக்கும் இடங்கள், ஒருத்தர் பேசும்போது மற்றவர் முகத்தில் நிற்கும் கேமரா, மாருதிராவ் ஒளிப்பதிவில் அறைக்குள் தேங்கும் நிழல் எல்லாம் கார்வை பிடித்து நிற்கின்றன. ஒரே சம்பவத்தை ஐந்து பேர் சொல்லும்போது நமக்கு அலுக்காததும் அதே காரணத்தால்தான். ஒரே ராகத்தை ஒவ்வொரு சுரத்தில் நிறுத்தி விரித்துக்கொண்டே போகும்போது அதே ராகம் வேறு வேறு முகம் காட்டுவது ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். இங்கே ராஜன் என்ற ஆள் அப்படி விரிகிறான். நடுவில் ஒரு டூயட்டை வைத்திருந்தால் அந்தக் கட்டு அறுந்துபோகும். பாட்டின் மேல் வெறுப்பு இருந்து அவர் பாட்டை நீக்கவில்லை. பாட்டு எங்கே தப்பு சுரமாக விழும் என்பது அவருக்கு மற்ற இயக்குநர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அடுத்த சில வருடங்கள் கலவையானவை. 1958-ல் ‘அவன் அமரன்’ என்று ஆலைத் தொழிலாளர் கதை ஒன்றை எடுத்தார். நடிகராகவும் பல படங்கள். 1962-ல் சொந்த நிறுவனமான எஸ்.பி. கிரியேஷன்ஸில் ‘அவனா இவன்?’ வந்தது. தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு எல்லாம் ஒரே கையில். அதிலிருந்து குற்றப் படம் என்பது அவர் சொந்தப் பணத்தை வைத்து ஆடும் ஆட்டம் ஆகிவிட்டது. ஏவி.எம். மாதிரி ஒரு நிறுவனம் பின்னால் இருக்கும்போது பரிசோதனை செய்வது வேறு. தானே தயாரிப்பாளர் என்றால், விநியோகஸ்தர் எதிரில் உட்கார்ந்து “பாட்டு எத்தனை?” என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில் 1964-ல் வந்த ‘பொம்மை’. அவர் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ‘அந்த நாள்’ அதைவிடச் சிறந்த படம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தன் வியாபாரச் சிக்கலையே கதைக்குள் கொண்டுவந்து தீர்த்த கெட்டிக்காரத்தனம் ‘பொம்மை’யில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் கிளம்பும் தொழிலதிபர் ஒருவரைத் தீர்த்துக்கட்ட, கூட இருப்பவர்கள் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். பொம்மை அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. பிறகு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி ஊரைச் சுற்றுகிறது. உள்ளே குண்டு இருப்பது பார்க்கிற நமக்குத் தெரியும். கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1936-ல் எடுத்த ‘சபோடாஜ்’ படத்தில் ஒரு பையன் தெரியாமல் குண்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது நினைவுக்கு வரும். திடீரென்று வெடித்தால் பார்க்கிறவருக்கு ஒரு கணம் அதிர்ச்சி, முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைசி வரை பதைப்பு என்று ஹிட்ச்காக் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்தான் ‘பொம்மை’க்கும் அடிப்படை.

இப்போது டூரிங் டாக்கீஸை நினைத்துப் பாருங்கள். ‘அந்த நாளி’ன் ரகசியம் டீக்கடையில் உடைந்தால் முதல் தடவை பார்ப்பவருக்குப் பாதிப் படம் போச்சு. ‘பொம்மை’யில் உடைவதற்கு ரகசியமே இல்லை. குண்டு எங்கே என்று ஆரம்பத்திலேயே சொல்லியாயிற்று. கும்பகோணத்தில் பார்த்தவர் வந்து முழுக்கதையும் சொன்னாலும், அந்தப் பொம்மை ஒரு குழந்தை கைக்குப் போகும்போது பதறாமல் இருக்க முடியாது. தாமதமாக வந்தாலும் கெடாத குற்றப் படத்தை அவர் செய்துவிட்டார். பாட்டையும் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பொம்மை எங்கோ கைமாறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு நம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால், நடுவில் பாட்டு வந்தாலும் கட்டு தளர்வதில்லை. பாட்டு நீளும் ஒவ்வொரு நொடியும் பயத்தோடு சேர்கிறது. ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ என்ற பாட்டு அப்படித்தான் வேலை செய்கிறது. தமிழில் முதலில் வெளிவந்த கே.ஜே. யேசுதாஸ் குரல் அது. எழுதியவர் வித்வான் வே. லட்சுமணன். இசை பாலசந்தர். கொட்டகைக்காரருக்கு ஸ்பீக்கரில் போட ஒரு பாட்டும் கிடைத்துவிட்டது.

சிங்கப்பூர் விஷயமும் நம் பக்கத்துக்காரர்களுக்கு வெறும் கதை இல்லை. அந்த நாளில் சென்னையில் கிளம்பும் ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். கடற்கரையோர ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தர் அக்கரையில் இருப்பார். சிங்கப்பூர் போகிறவர் கையில், வரும்போதோ போகும்போதோ, யாராவது ஒரு பார்சலைக் கொடுத்து இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள் என்பது அன்றாட நடைமுறை. “அண்ணே, இதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க” என்று நீட்டும் பொட்டலத்தை மறுப்பது மரியாதை இல்லை. அந்த நம்பிக்கைக்குள் குண்டை வைத்த கதை நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் வேறு மாதிரித்தான் உறைத்திருக்கும்.

படத்தின் கடைசியில் வேலை செய்த கலைஞர்களைத் திரையிலேயே ஆளைக் காட்டி அறிமுகப்படுத்துவதும் உண்டு. எழுத்தில் பெயர் ஓடும்போது கூட்டம் எழுந்து போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரைக்குப் பின்னால் உழைத்தவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யோசித்த தயாரிப்பாளர்கள் அதிகமில்லை.

‘நடு இரவில்’ அவருடைய கடைசிப் படம். தீவு மாதிரி ஒதுங்கிய இடத்தில் ஒரு பங்களா, பணக்காரர், மனநலம் குன்றிய அவர் மனைவி, சொத்துக்காக வந்து கூடும் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ என்ற புகழ்பெற்ற நாவலின் எலும்புக்கூடு இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சாகும் ஆட்களை முன்பின் தெரியாதவர்களாக வைக்காமல் பங்காளிகளாக மாற்றியது பாலசந்தரின் சரியான கணக்கு. பாகப்பிரிவினை பார்த்த ஊரில், சொந்தக்காரர்கள் ஒரே கூரைக்குள் படுத்திருக்கும் ராத்திரி எவ்வளவு நீளம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மேஜர் சுந்தரராஜன், சௌகார் ஜானகி, பண்டரிபாய், சோ என்று நல்ல நடிகர் கூட்டம். பாலசந்தரே டாக்டராக நடித்தார். எடுத்து முடித்தும் படம் சில வருடம் பெட்டியிலேயே கிடந்தது. 1970-ல்தான் வெளியானது. அதற்குள் கறுப்பு வெள்ளைப் படங்களின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. கலர், எம்.ஜி.ஆர்., ஜெய்சங்கர் துப்பறியும் படங்கள் என்று மார்க்கெட் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சொந்தப் பணம் வருடக்கணக்கில் பெட்டிக்குள் முடங்கினால் அடுத்த படத்துக்குத் துணிவு எப்படி வரும்? அவர் மறுபடி படம் எடுக்கவில்லை.

சினிமாவை விட்டார், துப்பறிவதை விடவில்லை. 1980-களில் அவர் சங்கீத உலகத்திலேயே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா பெயரில் பாடப்படும் கீர்த்தனைகளை உண்மையில் அந்த மன்னர்தான் இயற்றினாரா என்று கேட்டார். கடிதம், பழைய அச்சுப் பிரதி, தேதி, யார் எப்போது மெட்டமைத்தார் என்று ஆதாரம் தேடினார். வாக்குமூலங்களை ஒன்றோடொன்று வைத்து ஒட்டிப் பார்க்கும் சி.ஐ.டி. சிவானந்தத்தின் வேலையையே கீர்த்தனைகளில் செய்தார். எதிர்ப்பக்கம் நின்றவர் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர், நம் டெல்டாவின் பெருமை. அந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்துப் பரப்பியதில் பெரும் பங்கு அவருடையது. இந்தக் கதையில் தஞ்சாவூருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாள் அரசவையில் இருந்தவர். 1834-ல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார்.

பாலசந்தர் சொன்னதை இசை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. மன்னர் அப்படி ஒரு படைப்பாளியே இல்லை என்ற அளவுக்கு அவர் போனதற்கு ஆதாரம் போதாது. நேர்மையாகப் பாடிக் காத்தவர்களின் மனதை அந்தச் சண்டை ரொம்பவே நோகடித்தது. ஆனால் பெரியவர்கள் சொன்னால் போதும் என்றிருந்த ஒரு துறையில் “எழுத்தில் காட்டுங்கள்” என்று கேட்ட பழக்கம் தேவையானது. குற்றப் படம் எடுத்து எடுத்து, யாருடைய வாக்குமூலத்தையும் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அவருக்குப் பல நண்பர்களை இழக்கவும் வைத்தது.

1990-ல் கச்சேரிக்காக பிலாய் போன இடத்தில் காலமானார். வயது 63.

புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘பொம்மை’யில் தொடங்குவது நல்லது. வீட்டில் குழந்தைகளோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்து ‘அந்த நாள்’, முடிந்தால் ராத்திரியில், செல்போனை ஒதுக்கி வைத்துவிட்டு. நடுவில் யாரும் பேசாத இடங்களில்தான் கதை நகர்கிறது. ‘நடு இரவில்’ படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் பொறுமை கேட்கும். சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் ‘அந்த நாள்’ பார்ப்பதற்கு முதல் நாள் அவருடைய ஆலாபனைப் பதிவு ஏதாவது ஒன்றை முழுதாகக் கேட்டுவிட்டு வரட்டும். ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் அவர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதைக் கவனித்தால், மறுநாள் ஜாவர் சீதாராமன் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அடையாளம் தெரியும்.